பாட்டிக்கு யாரு வடைக் காசு குடுப்பா?

காக்கா, நரி, வடை. இந்தக் கதை தெரியாத தமிழ் வீடு இருக்க முடியாது. பாட்டி சுட்ட வடையைக் காக்கா கொத்திட்டுப் போகும், நரி பாடச் சொல்லும், காக்கா வாயத் தொறக்கும், வடை கீழ விழும், நரி தூக்கிட்டு ஓடிரும். கதை முடிஞ்சுது, தூங்கு.

எங்க வீட்ல அன்னைக்கு அங்க முடியல.

என் பொண்ணுக்கு நாலரை வயசு. கதையக் கேட்டுட்டு, ஃபேனையே பாத்துக்கிட்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தா. அப்புறம் கேட்டா:

"அம்மா, பாட்டிக்கு ஒரு வடை போச்சுல்ல. அதுக்கு யாரு காசு குடுப்பா?"

எவ்ளோ பெரிய கேள்வி பாருங்க! நரி தந்திரக்காரன், காக்கா ஏமாளின்னு காலங்காலமா ரெண்டு பேரைப் பத்தியேதான் நம்ம பேசிக்கிட்டு இருக்கோம். உளுந்த ஊறப்போட்டு, ஆட்டி, எண்ணெய்ச் சட்டி முன்னாடி வேர்க்க வேர்க்க உக்காந்து வடை சுட்ட பாட்டிய யாருமே நெனைக்கல. கதையில நஷ்டப்பட்டது அந்தப் பாட்டி ஒருத்திதான். அது ஒரு நாலரை வயசுப் புள்ளைக்குத் தெரியுது.

அடுத்து இன்னொண்ணு சொன்னா. "காக்காவும் திருடன்தானேம்மா. நரி மட்டும் கெட்டது இல்ல."

இவளுக்கு இன்னும் 'அ' சரியா எழுத வராது. சுழி எந்தப் பக்கம் போகும்னு அவளுக்கே தெரியாது. (ஃ மட்டும் பிரமாதமா போடுவா. மூணு புள்ளிதானே!)

இப்ப இதை எதுக்கு எழுதறேன்னா, அதே வாரம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. மூணு வயசுக் குழந்தை. அட்டை காட்டக் காட்ட கடகடன்னு இங்கிலீஷ் வார்த்தையா படிக்குது. எல்லாரும் கைதட்டு போட்டாங்க. நானும் போட்டேன், குழந்தை அவ்ளோ அழகு. ஆனா அதோட நிக்கல. ஒரு அத்தை போன் பண்ணி, "உன் பொண்ணு இன்னும் வாசிக்கலையாமே? லேட் பண்ணாத, அப்புறம் கஷ்டப்படுவா"ன்னு அக்கறையா சொல்றாங்க.

அந்த 'லேட்'டுங்கிற வார்த்தைதான் என்னை எழுத உக்கார வச்சுருச்சு.

அந்தக் குழந்தை மேலயோ அத்தை மேலயோ எனக்குக் கோவம் இல்ல. எழுத்தைப் பாத்துச் சத்தமா சொல்றது மட்டும்தான் வாசிப்புன்னு நாம எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கோம்ல, அது மேலதான் கோவம். அந்த நம்பிக்கையில மூணு வயசு, நாலு வயசுப் புள்ளைங்களைக் கொண்டுபோய் எழுத்து நோட்டு முன்னாடி உக்கார வைக்கிறோம். அந்த வயசுல அவங்க மூளை எதுக்காக ஏங்குதோ, அதை எடுத்துடறோம்.

எதுக்கு ஏங்குதுன்னு கேக்குறீங்களா? கதைக்கும் பேச்சுக்கும்தான். வேற ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. 1986-ல கோஃப், டன்மர்னு ரெண்டு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு ஒரு எளிய சூத்திரம் குடுத்தாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கிற திறன், மொழியைக் காதால கேட்டுப் புரிஞ்சுக்கிற திறன். இது ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் படிச்சுப் புரிஞ்சுக்கிறது.

கவனிங்க, கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி, இன்னொண்ணு பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம்.

அட்டையைப் பாத்து நூறு வார்த்தை சொல்ற புள்ளைக்குக் கதை கேட்டுப் பழக்கமே இல்லைன்னா, மூணாம் கிளாஸ்ல பாடத்தைப் பளபளன்னு வாசிச்சுட்டு, "என்ன கதைப்பா இது?"ன்னு கேட்டா முழிக்கும். அப்ப நாம "கவனமே இல்ல"ன்னு திட்டுவோம். கவனம் எல்லாம் இருக்கு. பெருக்கல்ல ரெண்டாவது நம்பரை நாம வளக்கவே இல்ல.

அந்த ரெண்டாவது நம்பர் வளர எழுத்தே தேவையில்ல. காது போதும், வாய் போதும். மூணுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் அது வளர்ற வேகம் கண்ணுக்கு முன்னாடி தெரியும்.

சரி, எங்க வீட்ல என்னல்லாம் செஞ்சு பாத்தோம், எது ஓடுச்சு, எது ஓடலைன்னு சொல்றேன்.

முதல்ல கேள்வி.

படத்தைக் காட்டி "இது என்ன? இது என்ன கலர்? எத்தனை பூ இருக்கு?" இப்படித்தான் எல்லாருமே தொடங்குவோம். குழந்தை "யானை", "செவப்பு", "மூணு"ன்னு சொல்லும். ஒத்தை வார்த்தையில முடிஞ்சுரும். ரெண்டு வயசுக்கு இது சரி. நாலு வயசுக்கு இது பத்தாது.

அதையே கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பாருங்க. "யானை ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்கு?" "இப்ப அது என்ன பண்ணும்னு நெனைக்கிற?" "உனக்கு எப்பயாச்சும் இந்த மாதிரி ஆச்சா?" கொட்டும் பாருங்க! என் பொண்ணு ஒரு யானைப் படத்துக்கு, "அதோட அம்மா ஆத்துக்குப் போயிருக்கு, இதைக் கூட்டிட்டுப் போகல, அதான் கோவம்"னு சொன்னா. படத்துல ஆறே இல்ல. அம்மா யானையும் இல்ல. மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஒரு காரணத்தைக் கட்டி எழுப்புறா. இதுக்குப் பேருதான் ஊகிக்கிறது. பின்னாடி பெரிய கிளாஸ்ல 'பத்தியைப் படித்து விடையளி'ன்னு கேக்குறப்ப தேவைப்படப் போறதும் இதேதான்.

அமெரிக்காவுல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல வைட்ஹர்ஸ்ட்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தாரு. 1988-ல அவரும் அவரோட குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு வயசு வாக்குல உள்ள குழந்தைங்க, ரெண்டு குழு. ரெண்டு பக்கத்துப் பெத்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கதை வாசிச்சாங்க. ஒரு குழுவுக்கு மட்டும் வாசிக்கிற விதத்தை மாத்தச் சொல்லிக் குடுத்தாங்க. நீங்களே வாசிச்சுத் தள்ளாம குழந்தையைப் பேச விடுங்க, திறந்த கேள்வி கேளுங்க, குழந்தை சொன்னதை இன்னும் ஒரு வார்த்தை சேத்துத் திருப்பிச் சொல்லுங்க. அவ்ளோதான்.

ஒரே மாசம். பேச்சுல அந்தக் குழந்தைங்க மத்தவங்களைவிட பல மாசம் முன்னாடி போயிருந்தாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த 'ஒரு வார்த்தை சேத்துச் சொல்றது'. குழந்தை "நாய் ஓடுது"ங்கும். "ஆமா, நனைஞ்சுபோன நாய் வீட்டுக்கு ஓடுது"ன்னு நாம சொல்லணும். தப்பைத் திருத்தின மாதிரியும் இருக்காது, பாடம் நடத்தின மாதிரியும் இருக்காது. ஆனா அடுத்த நாள் 'நனைஞ்சுபோன' குழந்தை வாயில வந்துரும்.

ரெண்டாவது, வாயை மூடிட்டு இருக்கிறது.

நெசமாத்தான் சொல்றேன், இதுதான் இருக்கிறதுலயே கஷ்டம். கேள்வி கேட்டுட்டு, குழந்தை யோசிக்கிறதுக்குள்ள நாமளே பதிலைச் சொல்லிடறோம். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-கள்ல பள்ளிக்கூட வகுப்புகளைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. கேள்வி கேட்டதுக்கு அப்புறம் டீச்சருங்க காத்திருந்த நேரம் சராசரியா 1 வினாடி. அதை 3 வினாடி ஆக்கச் சொன்னாங்க. பதில் நீளமாச்சு. பேசாத புள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க. "தெரியாது"ங்கிற பதில் கொறைஞ்சுது.

மூணு வினாடி! ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்ல.

வீட்ல இதைச் செய்யும்போது என் பொண்ணு கண்ணு மேல போகும், உதட்டைக் கடிப்பா, தலைகாணி உறையோட நுனிய முறுக்குவா. இதெல்லாம் யோசனையோட அடையாளம். அந்த நேரத்துல நாம குறுக்க பேசினா யோசனை அறுந்துரும். பாட்டி வடைக் காசு கேள்வி வந்ததும் அப்படி ஒரு மௌனத்துக்கு அப்புறம்தான்.

மூணாவது, எப்பக் கேக்கணும்ங்கிறது. இது என் பொண்ணே போட்ட சட்டம்.

பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டா கதை செத்துரும். "அம்மா, மொதல்ல கதைய சொல்லு, அப்புறம் கேளு"ன்னு புத்தகத்தை மூடிட்டா. நியாயமான பேச்சு. அதனால எங்க வீட்ல புதுக் கதைன்னா முதல் தடவை நிறுத்தாம ஓடும். அடுத்தடுத்த தடவைதான் பேச்சு. (எப்படியும் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து மடியில போடுவாங்க. உங்க வீட்லயும் அப்படித்தானே?)

அது நல்லதுதான், தெரியுமா? "எத்தனை தடவைடா இதையே வாசிக்கிறது"ன்னு அலுத்துக்காதீங்க. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெசிகா ஹார்ஸ்ட் குழு 2011-ல மூணு வயசுக் குழந்தைங்ககிட்ட சோதிச்சாங்க. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவங்க, வேற வேற கதையில அதே புது வார்த்தைங்களை அதே அளவு கேட்டவங்களைவிட அந்த வார்த்தைங்களை நல்லா கத்துக்கிட்டாங்க. முதல் தடவை கதை என்னன்னு புடிக்கவே குழந்தைக்கு நேரம் சரியா இருக்கும். அடுத்த தடவைதான் மத்ததெல்லாம் கண்ணுல படும். பாட்டிய யோசிக்கவும் அப்பத்தான் நேரம் கெடைக்கும்.

இப்ப ஒரு கிணத்துக் கதை சொல்றேன்.

பஞ்சதந்திரத்துல சிங்கமும் முயலும் வருமே. முயல் சிங்கத்தைக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போய், "உள்ள இன்னொரு சிங்கம் இருக்கு"ன்னு காட்டும். சிங்கம் கர்ஜிக்கும், உள்ளேருந்தும் கர்ஜனை வரும், குதிச்சுரும். நம்ம தலைமுறைக்கு இது அவ்ளோ சுலபமான கதை. என் பொண்ணுக்குப் புரியவே இல்ல. "கிணத்துக்குள்ள சிங்கம் எப்படிப் போச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

யோசிச்சுப் பாத்தா, அவ கிணறே பாத்ததில்ல. மதுரையில நாங்க இருக்கிறது மூணாவது மாடி. தண்ணி குழாயில வரும். 'கிணறு'ங்கிற வார்த்தை தெரியும், படம் பாத்திருக்கா. ஆனா எட்டிப் பாத்தா நம்ம மூஞ்சி தெரியும், கத்தினா நம்ம சத்தமே திரும்பி வரும்ங்கிறது அவ உடம்புக்குத் தெரியாது. அது தெரியாம அந்தக் கதை எப்படிப் புரியும்?

பொங்கலுக்கு மேலூர் பக்கம் எங்கப்பா தோட்டத்துக்குப் போனப்ப, எங்கப்பா அவளை இடுப்பைச் சுத்தி இறுக்கிப் புடிச்சுக்கிட்டு கிணத்தை எட்டிப் பாக்க வச்சாரு. (சின்னப் புள்ளைங்களைத் தனியா கிணத்துப் பக்கமே விடாதீங்க, சொல்லிட்டேன்.) "ஓய்"னு கத்தினா. "ஓய்"னு திரும்பி வந்துச்சு. தலைய ஆட்டினா. கீழயும் ஒரு தலை ஆடுச்சு.

சட்டுனு தாத்தா பக்கம் திரும்பி, "தாத்தா! சிங்கம் தன்னையே பாத்துருக்கு!"

எங்கப்பாவுக்கு ஒண்ணும் புரியல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேரு 1988-ல அமெரிக்காவுல செஞ்ச ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்லுது. கொஞ்சம் பெரிய புள்ளைங்க, ஏழாவது எட்டாவது படிக்கிறவங்க. பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தின ஒரு கதை குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நல்லா வாசிக்கத் தெரிஞ்சு பேஸ்பால் தெரியாதவங்களைவிட, வாசிப்புல பின்தங்கி இருந்தாலும் பேஸ்பால் தெரிஞ்சவங்களுக்குக் கதை நல்லா புரிஞ்சுது. நம்ம ஊருக்கு கிரிக்கெட்னு வச்சுக்கங்க. 'கடைசி ஓவர், பன்னண்டு ரன் வேணும், ஸ்லிப்ல ஒரு ஆள்'னு எழுதினா, கிரிக்கெட் தெரிஞ்ச புள்ளைக்குப் படமே ஓடும். தெரியாதவங்களுக்கு அது வெறும் எழுத்து.

அப்ப குழந்தைக்கு வாசிப்புப் பயிற்சி குடுக்கணும்னா என்ன பண்ணணும்? வெளிய கூட்டிட்டுப் போகணும். காய்கறி மார்க்கெட், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், தையல் கடை, தபால் ஆபீஸ், தெப்பக்குளம். போனா மட்டும் போதாது, பேசணும். "இந்த அண்ணன் ஏன் பூ மேல தண்ணி தெளிக்கிறாரு?" "பஸ்ஸுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் ஏன் கட்டியிருக்கு?" பார்த்தது, தொட்டது, பேசினது எல்லாம் பின்னாடி புத்தகத்துல வரும்போது "அட, இது எனக்குத் தெரியுமே"ன்னு வந்து ஒட்டிக்கும்.

அடுத்தது ஒரு முறுக்கு டப்பா. இதை உங்க வீட்லயும் செஞ்சு பாருங்க, ஆச்சரியப்படுவீங்க.

1983-ல விம்மர், பெர்னர்னு ரெண்டு உளவியலாளர்கள் குழந்தைங்ககிட்ட ஒரு கதை சொன்னாங்க. மாக்ஸின்னு ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில வச்சுட்டு விளையாடப் போறான். அவன் இல்லாதப்ப அம்மா அதை வேற அலமாரிக்கு மாத்திடறாங்க. மாக்ஸி திரும்பி வந்து எங்க தேடுவான்?

நான் சாக்லேட்டுக்குப் பதிலா முறுக்கு வச்சேன். என் பொண்ணோட அப்பா முறுக்கை நீல டப்பாவுல வச்சுட்டு வெளிய போனாரு, நாங்க எடுத்து செவப்பு டப்பாவுல போட்டோம். "அப்பா வந்து எங்க தேடுவாரு?" எங்க அக்கா பையனுக்கு மூணு வயசு. அவன் யோசிக்காம "செவப்பு டப்பா!"ன்னான். தனக்குத் தெரிஞ்சது சித்தப்பாவுக்கும் தெரியும்னு அவன் நெனைக்கிறான். என் பொண்ணு சிரிச்சுட்டா. "இல்லடா, சித்தப்பாவுக்குத் தெரியாதுல்ல, அவரு நீல டப்பாவுலதான் பாப்பாரு, பாவம்."

பொதுவா நாலு வயசு வாக்குலதான் இந்தப் புரிதல் வரும். அடுத்தவங்க மனசுல வேற ஒண்ணு ஓடும், அது தப்பாகூட இருக்கும்ங்கிறது. இதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாமே சம்பந்தம்தான்! குரங்கு "என் இதயத்தை மரத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்"னு சொன்னதும் முதலை நம்பித் திரும்பி நீந்துதே, அதை ரசிக்கணும்னா முதலைக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு குழந்தைக்குத் தெரியணும். மூணு வயசுப் புள்ளை அந்த எடத்துல சிரிக்கலைன்னா அது மந்தமில்ல. இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு. அவசரப்படுத்தாம "முதலை என்ன நெனச்சுச்சு?"ன்னு பேசிக்கிட்டே இருங்க. கதையில வர்றவங்க மனசைப் பத்திப் பேசப் பேச இந்தப் புரிதல் பலமாகும்.

தாகமான காக்கா கதையையும் விட்டுட முடியாது. அதை நாங்க சமையல் மேடையில செஞ்சு பாத்தோம்.

கண்ணாடித் தம்ளர், கூழாங்கல்லு, தண்ணி. பாதிக்கு மேல தண்ணி இருந்தப்ப கல்லு போடப் போட விறுவிறுன்னு மேல ஏறுச்சு. "ஏன் ஏறுது?"ன்னு கேட்டேன். (மூணு வினாடி!) "கல்லுக்கு எடம் வேணும்ல, தண்ணிய தள்ளிவிடுது"ன்னா. ஆர்க்கிமிடீஸ் கேட்டிருந்தா தட்டிக் குடுத்திருப்பாரு.

அடுத்து, அடியில கொஞ்சூண்டு தண்ணி மட்டும் வச்சோம். கல்லு வாய் வரைக்கும் ரொம்பிருச்சு, தண்ணி மேலயே வரல. கல்லு சந்துக்குள்ளேயே நின்னுருச்சு. ரெண்டு பேரும் தம்ளரையே பாத்தோம். "அப்ப காக்காவோட பானையில நெறைய தண்ணி இருந்திருக்கும்மா"ன்னா. கதையில சொல்லாத ஒண்ணைக் கதைக்குள்ள கண்டுபுடிச்சுட்டா! இதைவிட நல்ல வாசகர் யாரு?

(அவளுக்கு இன்னொரு சேதியும் சொன்னேன். 2009-ல கேம்பிரிட்ஜ்ல காக்கா குடும்பத்துப் பறவைங்ககிட்ட நெசமாவே இதைச் சோதிச்சாங்க. குழாயில மிதக்குற புழுவை எடுக்க, அதுங்க கல்லைப் போட்டுத் தண்ணிய ஏத்துச்சுங்க. பெரிய கல்லாப் பாத்து எடுத்துச்சுங்க. "அதுங்களுக்கும் கதை சொல்லியிருப்பாங்களா?"ன்னு கேட்டா.)

இப்ப நம்ம மொழிக்கே உள்ள ஒரு சங்கதிக்கு வர்றேன். இதை யாரும் பெருசா பேசறதில்ல.

நாம வீட்ல பேசுறது ஒரு தமிழ். புத்தகத்துல இருக்கிறது இன்னொரு தமிழ். வீட்ல "காக்கா பறந்து போச்சு". புத்தகத்துல "காகம் பறந்து சென்றது". 'கூறியது', 'சென்றனர்', 'மகிழ்ந்தாள்'னு எந்த அம்மாவும் சமையக்கட்டுல பேசறதில்ல. பள்ளிக்கூடம் போய் திடீர்னு இந்தத் தமிழைப் பாக்குற புள்ளைக்கு அது பாதி அந்நிய மொழி. எழுத்தும் புதுசு, மொழியும் புதுசுன்னா பாவம் என்ன பண்ணும்? அதுலயும் நம்ம எழுத்து மொத்தம் 247.

இதுக்கு எங்க வீட்ல ஒரு வழி நல்லா ஓடுது. முதல்ல கதையைப் பேச்சுத் தமிழ்ல சொல்லிடுவேன். அடுத்த நாள் அதே கதையைப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே வாசிப்பேன். கதைதான் ஏற்கனவே தெரியுமே, அதனால 'சென்றது'ன்னா என்னன்னு அவளே புடிச்சுக்கிறா. அகராதி தேவையில்ல, விளக்கம் தேவையில்ல.

போன வாரம் பொம்மையை நிக்க வச்சு மெரட்டிக்கிட்டு இருந்தா: "சொல்! நீ எங்கே சென்றாய்?" வீடே சிரிச்சுது. எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோஷம். எழுத்து வர்றதுக்கு முன்னாடியே புத்தகத் தமிழ் காது வழியா வந்துருச்சு.

இங்கிலீஷ் மீடியம் அனுப்புறவங்களுக்கும் (நாங்களும் அனுப்பத்தான் போறோம்) இதையேதான் சொல்வேன். கதையைப் பத்தின பேச்சு வீட்டு மொழியில நடக்கட்டும். காரணம் கேக்கிறது, ஊகிக்கிறது, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடுறது எல்லாம் ஒரு மொழியில வந்துட்டா இன்னொரு மொழிக்கும் கூடவே வரும். பாதி தெரிஞ்ச மொழியில யோசிக்கச் சொன்னா குழந்தை யோசிக்காது, மனப்பாடம்தான் பண்ணும். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முடிஞ்ச எடத்துலல்லாம் அஞ்சாம் வகுப்பு வரைக்குமாவது வீட்டு மொழியில சொல்லிக் குடுக்கணும்னுதான் சொல்லுது.

"எனக்குப் படிப்பு அவ்வளவா வராது, நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"ன்னு என்கிட்ட கேட்ட அம்மாக்கள் உண்டு. அவங்களுக்காக எங்க மாமியாரைப் பத்திச் சொல்லியே ஆகணும்.

எங்க மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க வீட்லயே கதை விஷயத்துல பெரிய வாத்தியார் அவங்கதான். படப் புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு, "இந்த எழுத்து என்ன சொல்லுதுன்னு அப்பத்தாவுக்குத் தெரியாது கண்ணு, படத்தைப் பாத்து நம்ம ரெண்டு பேரும் கண்டுபுடிப்போமா?"ன்னு உக்காருவாங்க. அங்க ரெண்டு பேரும் சமம். ரெண்டு பேரும் துப்பறியறாங்க. "இந்தம்மா ஏன் கூடையைக் கீழ வச்சுட்டா?" "கை வலிக்குது அப்பத்தா." "வலிச்சா எறக்கி மட்டும் வைப்பா, ஏன் திரும்பிப் பாக்குறா?" "...யாரோ கூப்புடுறாங்க!" இதைக் கேட்டுக்கிட்டு நான் கதவு ஓரமாவே நின்னிருக்கேன். வைட்ஹர்ஸ்ட் சொன்னதெல்லாம் மாமியார் வாயில தானா வருது.

அவங்க சொல்ற வாய்வழிக் கதையில இன்னொரு வித்தை. சரியான எடத்துல நிறுத்தி, "அப்புறம் என்ன ஆயிருக்கும், நீயே சொல்லு"ன்னுட்டு வெத்தலையை எடுத்து மடிப்பாங்க. (வெத்தலை மடிக்கிற நேரம் மூணு வினாடிக்கும் மேல!)

சின்னச் சின்ன விஷயங்களை வேகமா சொல்லிடறேன்.

தோசை சுடும்போது "மொதல்ல என்ன, அப்புறம் என்ன?"ன்னு புள்ளையையே வரிசையா சொல்லச் சொல்லுங்க. கதையோட வரிசையும் இதேதான். காய்ஞ்ச துணியை மடிக்கும்போது பிரிக்கச் சொல்லுங்க. யாரோடதுன்னு பிரிக்கலாம், கலர்படி பிரிக்கலாம், "வேற எப்படிப் பிரிக்கலாம்?"னு கேக்கலாம். பஸ்ல போகும்போது "ப-வுல ஆரம்பிக்கிறது சொல்லு"ன்னு விளையாடுங்க. பழம், பல்லு. எழுத்துக்கு முன்னாடி ஒலி காதுல பிரிஞ்சு கேக்கணும். விடுகதை போடுங்க, புள்ளையையும் போடச் சொல்லுங்க. என் பொண்ணு போட்டது: "நிக்கும்போது மூணு கை தெரியும், ஓடும்போது ஒரு கையும் தெரியாது." (விட்டத்தைப் பாருங்க. ஃபேன்!)

புத்தகம் வாங்கக் காசு செலவாகுமேன்னு யோசிக்கிறவங்களுக்கு: பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைங்க இலவசமாவே கெடைக்குது, 2015-லேர்ந்து நடக்குது. சென்னையில 1996-ல தொடங்கின தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் சேந்த படப் புத்தகங்கள் போடுறாங்க. நேஷனல் புக் டிரஸ்டோட குழந்தைப் புத்தகங்கள் விலை கம்மி. மதுரைக்காரங்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலையில தொறந்தது, குழந்தைங்களுக்குன்னே தனிப் பகுதி. சென்னைக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம். கூட்டிட்டுப் போங்க. புள்ளையே எடுக்கட்டும். ஒரு புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சிருந்தாலும் பரவால்ல, அதுவே திருப்பிக்கும்.

"அப்ப எழுத்தே சொல்லிக் குடுக்க வேணாமா?"

வேணும்! ரொம்ப வேணும். பெருக்கல்ல முதல் நம்பரும் பூஜ்யமாகக் கூடாதுல்ல. குழந்தை கேக்கும்போது, மணல்லயும் கோலமாவுலயும் விளையாட்டா தொடங்கலாம். அது பேரோட முதல் எழுத்துலேர்ந்து தொடங்குங்க, ஆசையா வரும். ஒண்ணாம் வகுப்புல முறையா கத்துக்கட்டும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எழுத்துக்காகக் கதை நேரத்தை வெட்டாதீங்க. பக்கம் பக்கமா எழுத வச்சு, களைச்சுப் போன புள்ளையை "கதை எல்லாம் நாளைக்கு"ன்னு தூங்க அனுப்பாதீங்க.

எல்கேஜி சேக்கப் போற அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் பாக்கப் போகும்போது "எப்ப வாசிக்க ஆரம்பிப்பாங்க?"ன்னுதான் எல்லாரும் கேக்குறோம். அதுக்குப் பதிலா "தினமும் கதை சொல்லுவீங்களா? கதைக்கு அப்புறம் புள்ளைங்க பேசுவாங்களா?"ன்னு கேளுங்க. பத்துப் பெத்தவங்க இதையே கேட்டா, பள்ளிக்கூடங்களும் மாறும்.

போன் பண்ணின அந்த அத்தைக்கு நான் சொன்ன பதில்: "அவ லேட் இல்ல அத்தை. எழுத்துதான் இன்னும் வரல. வாசிப்பு எப்பவோ தொடங்கிருச்சு."

உங்க வீட்ல மூணுலேர்ந்து ஆறு வயசுல ஒரு குழந்தை இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு கதை சொல்லுங்க. பழைய கதையே போதும். முடிச்சுட்டு "ஏன்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டுக் காத்திருங்க. வர்ற பதில் எவ்ளோ விசித்திரமா இருந்தாலும் "தப்பு"ன்னு சொல்லாம, "ஏன் அப்படி நெனைக்கிற?"ன்னு இன்னொண்ணு கேளுங்க. செலவே இல்லாத பாடம் இது. நாளைக்குத் தள்ளிப் போடாதீங்க.